சித்தி எடுத்தால் சிரிக்கிறாள்

எனக்குப் பொதுவாகப் பொறாமைக் குணம் கிடையாது. பக்கத்து வீட்டில் புதுக் கார் வந்து நின்றால் நானே முதலில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவேன். கூட வேலை பார்க்கிறவளுக்குப் பதவி உயர்வு வந்தால் மனசாரக் கைகொடுப்பேன். என் தங்கை ஒருத்தி விஷயத்தில்தான் வயிறு எரியும். அதை நான் மறைப்பதும் இல்லை. கூடப் பிறந்தவளிடம் பொறாமைப்படாமல், தெருவில் போகிற வருகிறவளிடமா படமுடியும்?

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த அறைதான், அந்த மெஷின்தான். தெருவில் எனக்கு ‘எக்ஸ்ரே அக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. காலையில் போய்க் கதவைத் திறந்தால் இருமுகிறவர், வழுக்கி விழுந்தவர், வண்டியிலிருந்து விழுந்தவர் என்று வரிசை நிற்கும். “செயினைக் கழட்டுங்க. தாடையைத் தூக்குங்க. தோளை முன்னாடி தள்ளுங்க. மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க.” சொல்லிவிட்டுத் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்குவேன். “இப்ப விடுங்க.” அடுத்த ஆள். படம் சரியில்லை என்று எந்த டாக்டரும் என்னிடம் திருப்பி அனுப்பியதில்லை.

தங்கைக்கு வீடு விற்கிற ஓர் அலுவலகத்தில் வேலை. காலி வீடுகளைப் படமெடுத்து விளம்பரத்தில் போடவேண்டும். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போகவேண்டிய அறையைக்கூட, மூலையில் குந்தி உட்கார்ந்து மாளிகையாக எடுத்துவிடுவாள். அதை நம்பி வீடு பார்க்க வருகிறவர்கள் அவளை என்ன சாபம் விடுவார்களோ தெரியாது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். அதனால் விடுமுறை என்றால் எங்களோடுதான்.

இந்தத் தடவை விடுமுறைக்கு ஒரு காரணம் இருந்தது. என் மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்து, ஹாஸ்டலும் முடிவாகிவிட்டது. ஒரே பிள்ளை. அவளானால் வருத்தத்தின் சுவடே இல்லாமல், “எப்படா கிளம்பலாம்னு இருக்கு” என்று வீடு முழுக்கப் பாடிக்கொண்டு திரிந்தாள். “பொண்ணு தைரியசாலி” என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். போவதற்கு முன் நாலு பேருமாக எங்காவது போய்வரலாம் என்று அவர்தான் கடற்கரை ஊர் ஒன்றில் அறை போட்டார். சீசன் முடிந்த நேரம்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. என் மகள் என் போனைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். அவள் போன பிறகு வேலைக்கு நடுவில் எடுத்துப் பார்த்துக்கொள்வதற்கு. பெற்ற தாயிடம் அப்படி ஒன்றுகூடவா இல்லை என்று கேட்பீர்கள். இல்லை. நான் எடுத்த படம் எல்லாவற்றிலும் அவள் தாடையைத் தூக்கிக்கொண்டு, மூச்சு முட்டிப்போய் நிற்பாள். “எலும்பு மட்டுந்தாம்மா தெரியல” என்பார் அவள் அப்பா. சித்தி எடுத்த படங்களில் மட்டும் வாயெல்லாம் பல்லாக இருப்பாள். பெற்றவள் நான். சிரிப்பு சித்திக்கு.

போய் இறங்கினோம். ஹோட்டலில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. நாற்காலிகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லாமல் சருகு கிடந்தது. வானம் வேறு மூடிக்கொண்டு நின்றது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தங்கை மட்டும் துள்ளினாள்.

“அக்கா, இதவிட நல்ல நேரம் கிடைக்காது. படத்துல பின்னாடி ஒருத்தன் வரமாட்டான். வெயில் இல்லாததும் நல்லதுதான், கண்ணுக்குக் கீழ கறுப்பு விழாது.”

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா?” என்றேன். இருந்தாலும் மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் கடற்கரையில் மகளை நிறுத்தி போனைத் தூக்கினேன். வாய் என்னைக் கேட்காமலே, “செயினைக் கழட்டு” என்றது.

“அம்மா! நான் உன் பேஷண்ட் இல்ல!”

“சரி சரி. நேரா நில்லு. மூச்சை...” நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“ஒண்ணு எடுத்தாச்சில்ல? அடுத்து பக்கவாட்டுல திரும்பணுமே, திரும்பட்டா?” என்று கேட்டு அவளே திரும்பி நின்றாள். என் வீட்டுக்காரர் மணலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிக்கவேண்டியவளைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தங்கை ஒரு படம் போட்டாள். கடலுக்கு முதுகைக் காட்டி, காற்றில் முடி பறக்க, என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அத்தை, மாமா, பெரியம்மா என்று ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ரோஷம் தாங்காமல் நானும் ஒன்று போட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பெரியம்மா எழுதியிருந்தார்: ‘புள்ளைக்கு உடம்பு சரியில்லையா?’

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தலையணைக்கடியில் செருகிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் வெட்கத்தைவிட்டுத் தங்கையிடமே கேட்டேன். “எப்படிடி எடுக்குற? சொல்லித் தொலை.”

“ஜன்னல் பக்கத்துல உக்கார வையி. ரொம்பத் தூரத்துல நிக்காத, கிட்டப் போ. சிரின்னு மட்டும் சொல்லாதக்கா. ஏதாவது பேசிக்கிட்டே இரு, அவளா சிரிப்பா.”

இவ்வளவுதானா என்று மகளைக் கூட்டிப்போய்ச் சாப்பாட்டு அறை ஜன்னலருகில் உட்காரவைத்தேன். கிட்டப் போனேன். பேசவும் செய்தேன். “சர்டிபிகேட் எல்லாம் ஜெராக்ஸ் எடுத்தியா? போர்வை ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா? அங்க போயி ராத்திரி முழிச்சுக்கிட்டு உக்காராத.” ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் நீண்டுகொண்டே போனது. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கடுகடுப்பு வெகு தெளிவாக விழுந்திருந்தது.

அன்று மத்தியானம்தான் விஷயம் வெளிப்பட்டது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவள், எழுந்து பார்த்தால் பக்கத்தில் யாரும் இல்லை. தேடிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். மாடிப்படி வளைவுக்கு அந்தப் பக்கம் என் குரல் கேட்டது. ஆமாம், என் குரலேதான்.

“செயினைக் கழட்டு! தாடையைத் தூக்கு! அசையாத... ஏய், அசையாதன்னு சொன்னேன்ல? நுரையீரல் எங்கடி? வீட்டுலயே வச்சிட்டு வந்திட்டியா?”

எட்டிப் பார்த்தேன். தங்கை போனைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்து, என்னைப் போலவே கழுத்தை நீட்டி நின்றாள். என் மகள் படியில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. தங்கை டக் டக்கென்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் இத்தனை வருஷமாக நான் பார்த்துப் பார்த்து ஏங்கிய சிரிப்பெல்லாம் என்னை வைத்து வந்ததா!

“நல்லா இருக்குடி!” என்றேன். இரண்டு பேரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள். “என்னைக் கோமாளியாக்கி நீ பேர் வாங்குறியா? குழுவுல எல்லாரும் உன்னப் பாராட்டுறாங்களே, அவங்ககிட்ட இதையும் சொல்லேன்!”

“அக்கா, கேளுக்கா. நானா ஜோக் சொன்னா அவ சிரிக்க மாட்டேங்குறா. உன்ன மாதிரி செஞ்சாத்தான் சிரிக்குறா. நான் என்ன பண்ணட்டும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். என் மூஞ்சியிலயே முழிக்காத.”

அதோடு பேச்சை நிறுத்திவிட்டேன். ராத்திரி சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட வீட்டுக்காரரிடம்தான் கேட்டேன். அவர் பாவம், யார் பக்கம் பேசினாலும் அடி விழும் என்று தெரிந்து தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

கிளம்புகிற நாள் காலையில் தங்கையும் வீட்டுக்காரரும் கீழே பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் தனியாகக் கடற்கரைக்குப் போய் நின்றேன். பின்னாலேயே மகள் வந்தாள்.

“இன்னும் கோவமாம்மா?”

“எனக்கென்ன கோவம்? நீங்க சிரிங்க. நல்லாச் சிரிங்க.”

“சரி, எடும்மா. உனக்காக நான் சிரிக்கிறேன். எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ.”

எனக்கு அது பிச்சை போடுகிற மாதிரிப் பட்டது. ஆனாலும் இதை விட்டால் வேறு வாய்ப்பில்லையே. போனைத் தூக்கினேன். எதுவும் சொல்லக்கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். அவள் பல்லைக் காட்டி நின்றாள். வீம்புக்கு வைத்த சிரிப்பு. நான் அமுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. உதடு மட்டும் நடுங்கியது.

“என்னடி?”

“எனக்குப் பயமா இருக்கும்மா.”

“எதுக்கு?”

“எல்லாத்துக்கும். அங்க யாரையும் தெரியாது. அப்பா தைரியசாலி, தைரியசாலின்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு. எப்படிச் சொல்லுவேன்? நான் போகல, இங்கயே இருக்கேன்னு தினம் சொல்லத் தோணுதும்மா.”

சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளையில் ஊசி போடும்போது அழுவாளே, அதே மாதிரி முகத்தைக் கோணிக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். எந்த நொடியில் என் கட்டைவிரல் பட்டதோ, படம் விழுந்திருக்கிறது. அதை அப்புறம்தான் பார்த்தேன். அழகான படமா என்றால் கிடையாது. தலையில் பாதி இல்லை. மூக்கு சிவந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நேராக என்னைப் பார்த்து அழுகிறாள்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் காருக்குத் திரும்பினோம். “பயந்தா பயந்துட்டுப் போ, ஆனா போ. முதல் வாரம் தினம் நான் போன் பண்றேன், எரிஞ்சு விழுந்தாலும் பரவாயில்ல” என்று சொல்லி முகத்தைத் துடைத்துவிட்டிருந்தேன். தங்கை எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் முன்சீட்டில் அப்பா பக்கத்தில் ஏறிக்கொண்டதும் தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அழுதாளாக்கா?”

“ம்.”

“உன்கிட்ட என்ன சொன்னா?”

“எங்கிட்டச் சொல்ல வேண்டியதச் சொன்னா.”

போன் என் கையில்தான் இருந்தது. படம் திரையிலேயே இருந்தது. பார்த்துவிட்டாள். திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்காரர் ஹாரன் அடித்தார்.

“அத எனக்கு அனுப்புக்கா.”

“உனக்கெதுக்கு? குழுவுல போட்டுப் பாராட்டு வாங்கவா?”

“இல்லக்கா. யாருக்கும் காட்ட மாட்டேன்.” அவள் குரல் இறங்கியிருந்தது. “எங்கிட்ட அவ ஒரு தடவகூட அழுததில்ல.”

அந்த முகத்தில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாதா? பாவமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பாவமாக இருந்தது. போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டுக் காரில் ஏறினேன்.

மகள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். தங்கை இன்றைக்கும் அந்தப் படத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் அனுப்புவதாக இல்லை.