ஒன்றாம் நம்பர் ஜாய்ஸ்டிக்

செவ்வாய்க்கிழமை காலை மாட்டைக் கறந்து முடித்து எழுந்தபோது போன் அடித்தது. வசந்தாவின் மகன் குமரேசன் தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். "பெரிம்மா, அம்மா போயிட்டாங்க" என்றான். அதற்கு நான் சொன்ன பதிலை இப்போது நினைத்தாலும் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. "ஆட்டத்த நிறுத்தி வெச்சுட்டுத்தான கண்ணு போனா?" என்றேன்.

பொய்யில்லை. முந்தின நாள் நாலு மணிக்கு, வழக்கம்போல் அவளும் நானும் அவள் வீட்டில் டிவி கேம் ஆடிக்கொண்டிருந்தோம். நடுவில் ஸ்டார்ட் பட்டனை அமுக்கி ஆட்டத்தை நிறுத்தினாள். "நெஞ்சு என்னமோ பண்ணுதுக்கா. குமரேசன வரச் சொல்லி, டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன். டிவிய மட்டும் அணைங்க. பெட்டிய அணைச்சுடாதீங்க, ஆட்டம் போயிடும்." மகன் காரில் வந்து அழைத்துக்கொண்டு போனான். நான் டிவியை அணைத்தேன். பெட்டியின் சிவப்பு விளக்கை எரியவிட்டு வீட்டைப் பூட்டினேன்.

மொரப்பூர் ஸ்டேஷன் தெருவில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "நல்ல மனுஷி" என்றார்கள். அதோடு விட்டார்களா? "அந்த ஒரு பழக்கந்தான்" என்று குரலை இறக்கினார்கள், ஏதோ திருட்டுப் பழக்கம் போல. "அதுக்கு முன்னால குந்திக் குந்தித்தான் நெஞ்சடைச்சுப் போச்சு" என்று ஒருவர் வைத்தியமே சொன்னார். அவளுக்குச் சர்க்கரை இருபது வருஷமாக இருந்தது. புளியமரத்தடியில் விடிந்ததிலிருந்து சீட்டாடுகிறவர்களை யாரும் பழக்கம் என்று சொல்லிக் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவளைத் தெரிந்தவர்கள் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் ஆட ஆரம்பித்ததே வேலையாகத்தான். அவள் வீட்டுக்காரர் ரங்கநாதன் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். டிவி கேம் பெட்டிகள் ஊருக்குள் வந்த காலத்தில் அவையும் ரிப்பேருக்கு வந்தன. சால்டரிங் பிடிக்கும் அவர் கைக்கு ஆட்டம் வரவில்லை. பெட்டி சரியாகிவிட்டதா என்று பார்க்க ஆடித்தானே ஆகவேண்டும்? அதை வசந்தா ஏற்றுக்கொண்டாள். முதல் கட்டம் ஆடினால் தெரியாத கோளாறு ஐந்தாவது கட்டத்தில்தான் தெரியும், பெட்டி சூடேறிய பிறகு. எனவே ஐந்தாவது கட்டம் வரை போகிற கை அவளுக்கு வேண்டியிருந்தது. வந்துவிட்டது.

நான் அந்தக் கடைக்குப் பால் ஊற்றப் போனவள். ஒருநாள், "அக்கா, சொம்ப வெச்சுட்டு இங்க வாங்க. ரெண்டாம் நம்பரு வேலை செய்யுதான்னு பார்க்கணும், எனக்கு ரெண்டு கைதான இருக்குது" என்று ஒரு ஜாய்ஸ்டிக்கை என் கையில் திணித்தாள். செங்கல் கோட்டையைக் காக்கிற டாங்கி ஆட்டம். அவளுடையது மஞ்சள் டாங்கி, என்னுடையது பச்சை. எந்தப் பட்டன் எதற்கென்று தெரியாமல் என் டாங்கி நின்ற இடத்திலேயே நின்றது. "நீங்க நில்லுங்கக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, வருகிற டாங்கிகளை எல்லாம் அடித்தாள். அன்றைக்கு ஊற்ற வேண்டிய பால் மற்ற வீடுகளுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போயிற்று.

அந்தப் பழைய பெட்டிகளில் ஒரு விஷயம் உண்டு. ஸ்டார்ட் பட்டன் ஒன்றாம் நம்பர் ஜாய்ஸ்டிக்கில் மட்டும்தான் இருக்கும். ரெண்டாம் நம்பரில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். ஆட்டத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் ஒன்றாம் நம்பர்காரர் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். வீட்டிலும் காட்டிலும் யாரையும் கேட்டு எதையும் செய்தவள் இல்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் முப்பது வருஷம் அவளை எதிர்பார்த்து உட்கார்ந்தேன். "அமுக்குடி, நேரமாவுது" என்று நான் கத்தவேண்டும். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு, தண்ணீர் குடித்து, பிறகுதான் அமுக்குவாள்.

சாமான்களைப் பற்றி அவளுக்குக் கறாரான அபிப்பிராயங்கள் இருந்தன. ஆட்டக் கேசட்டை எடுத்து வாயால் ஊதுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "எச்சியத் துப்பிட்டு ஏன் துருப் புடிச்சுதுன்னு கேக்காதீங்க" என்பாள். பென்சில் அழிக்கிற ரப்பரால் கேசட்டின் செம்புப் பற்களை மெல்லத் தேய்த்துப் போடுவாள். எங்கள் பெட்டி இன்றுவரை ஓடுகிறதென்றால் அந்த ரப்பரால்தான். பெட்டிமேல் பூப்போட்ட துணி விரிப்பது அவளுக்குப் பெரிய குற்றம். "அதுவும் மூச்சு வுடுது, மூஞ்சிய மூடாதீங்க" என்று விருந்துக்குப் போன வீட்டிலேயே துணியை எடுத்து மடித்து வைத்தவள்.

ரங்கநாதன் காலமாகிக் கடையை மூடியபின், அம்மா சும்மா இருக்கக் கூடாது என்று குமரேசன் புதுப் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். கம்பியில்லாத ஜாய்ஸ்டிக், தண்ணீர் போலத் தெளிவான படம். போட்டவுடன் ஆட்டம் வரவில்லை. ஏதோ இறங்குகிறது, காத்திரு என்றது. பிரித்த அன்றைக்கே எதற்கு என்று அவள் கேட்டாள். "அதுல சின்னச் சின்னத் தப்பெல்லாம் சரி பண்றாங்கம்மா" என்றான். வசந்தா என்னைப் பார்த்தாள். "கேட்டீங்களாக்கா? வாங்கின அன்னிக்கே ரிப்பேருக்குப் போற சாமான்." பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "உங்கப்பா கடையில இப்பிடி ஒன்ன வித்திருந்தா சட்டையப் புடிச்சிருப்பாங்க கண்ணு." கம்பியில்லாத ஜாய்ஸ்டிக் மூன்றாம் நாள் சண்டையின் நடுவில் சார்ஜ் இல்லாமல் அணைந்தது. அவள் பழைய ஜாய்ஸ்டிக்கின் கம்பியை எடுத்து மகன் முன்னால் ஒருமுறை ஆட்டிக் காட்டினாள், அவ்வளவுதான்.

ஆனாலும் அவள் பழசைக் கட்டிக்கொண்டு அழுதவள் இல்லை. புதுசில் நல்ல ஆட்டங்களைத் தேடித் தேடி ஆடினாள். மலை ஏறுகிற ஆட்டம் ஒன்றை முழுசாக முடித்தாள். இன்டர்நெட்டில் மற்றவர்களோடு மோதுகிற ஆட்டங்களை மட்டும் ஒதுக்கினாள். காரணம் ஒன்றே ஒன்று, அவற்றை நிறுத்தி வைக்க முடியாது. ஒருதடவை நடு ஆட்டத்தில் அவள் மூத்தார், அதாவது ரங்கநாதனின் அண்ணன் மாணிக்கம் வாசலுக்கு வந்துவிட்டார். எழுந்து தண்ணீர் கொடுத்துத் திரும்புவதற்குள் தோற்றிருந்தாள். அன்றைக்குச் சொன்னாள்: "நிறுத்த முடியாத ஆட்டத்த ஆம்பளைங்கதான் பண்ணியிருக்கணும். அடுப்புல பால வெச்சுட்டு ஆடறவ ஒருத்தி அந்தக் கம்பெனியில இருந்திருந்தா இப்பிடிப் பண்ணியிருக்க மாட்டா." இதைவிடச் சரியான பேச்சை நான் எந்தப் படித்தவர் வாயிலும் கேட்டதில்லை.

தட்டை டிவியும் அவளிடம் மாட்டியது. பழைய பெட்டியை அதில் மாட்டி ஆடிவிட்டு, "அமுக்கறதுக்கும் சுடறதுக்கும் நடுவுல ஒரு மூச்சு வுடுதுடா" என்றாள். "உங்களுக்கு வயசாயிடுச்சும்மா" என்றான் குமரேசன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பரணிலிருந்து குண்டு டிவியை இறக்கச் சொல்லி அதிலும் ஆடினாள். பிறகு அவனையே இரண்டிலும் ஆட வைத்தாள். தட்டை டிவியில் இரண்டாவது கட்டத்தில் செத்தவன், குண்டு டிவியில் ஆறாவது கட்டம் போனான். "யாருக்குடா வயசாச்சு?" என்றாள்.

எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. புது ஆட்டங்களில் 'சுலபம்' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நான் கூசாமல் எடுப்பேன். "அது ஆட்டமாக்கா? கையப் புடிச்சுத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி" என்று ஏளனம் செய்வாள். "காட்டுல படற கஷ்டம் போதும், இதுலயும் படணுமா" என்பேன். கடைசிவரை இரண்டு பேரும் இறங்கிவரவில்லை.

போன் வந்த அன்று, அவள் உடம்பு வருவதற்கு முன்பே நான் போனேன். சொந்தக்காரர்கள் வீட்டைத் திறந்து டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். பெட்டியின் விளக்கு அணைந்திருந்தது. அந்த வீட்டு முன்னறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். அதில், உடம்பை வைக்கிற ஐஸ் பெட்டியின் ஒயரைச் சொருகியிருந்தார்கள். நாங்கள் முதல் தடவையாகத் தொட்டு நிறுத்தி வைத்திருந்த பன்னிரண்டாவது கட்டம் அத்தோடு போயிற்று. அதற்கு மட்டும் நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத்தானே அந்தக் கரண்டு வேண்டியிருந்தது.

சண்டை பதினாறாம் நாள் காரியத்தில் வந்தது. படம் வைத்து, இலை போட்டு, அவளுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தார்கள். கச்சாயம், மிக்சர், நீலப் புடவை. "டிவி கேம் எங்க?" என்று கேட்டேன். மாணிக்கம்தான் முன்னால் வந்தார்.

"அதெல்லாம் எதுக்குங்க? பேரப்புள்ளைங்க எடுத்த பொம்பள. ஊரு சிரிக்கும்."

"உங்க தம்பி காரியத்துல குவாட்டர் பாட்டில மூடியத் தொறந்து வெச்சது யாருங்க?"

"அது அவனுக்குப் புடிச்சது."

"இது இவளுக்குப் புடிச்சதுங்க."

"அது வேற, இது வேறங்க."

"வேறதாங்க. அது உங்க தம்பி குடல அரிச்சுது. இது யார என்ன பண்ணுச்சு, சொல்லுங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். குமரேசன் மெல்ல, "பெரியப்பா, அம்மாவுக்குப் புடவைய வுட அதுதான் புடிக்கும்" என்றான். மாணிக்கம், "என்னமோ வைங்க. ஒயர மட்டும் கரண்டுல சொருவாதீங்க, அவ எந்திரிச்சு வந்து ஆடினாலும் ஆடுவா" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அவரும் சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குமரேசன் உள்ளே போய் ஒன்றாம் நம்பர் ஜாய்ஸ்டிக்கைக் கொண்டுவந்தான். "அது வேண்டாம் கண்ணு. ரெண்டாம் நம்பர வை" என்றேன். "அது உங்களுது பெரிம்மா." "தெரியும். வை." ஸ்டார்ட் இல்லாத அந்த ஜாய்ஸ்டிக் இப்போது தருமபுரியில் அவன் வீட்டில், அவள் படத்துக்குக் கீழே இருக்கிறது. முப்பது வருஷம் என்னைக் காக்க வைத்தாளே, இனி அவள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பெட்டியையும் குண்டு டிவியையும் அவனே என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். அவை போக, என்னிடம் அவளுடையதாக இருப்பது இவைதான்: ஒன்றாம் நம்பர் ஜாய்ஸ்டிக், பாதி தேய்ந்த ரப்பர், நடுவில் நிறுத்தலாம் என்கிற நியாயம். நாலு மணிக்கு உட்கார்கிறேன். "இந்த வயசுல ஒண்டியா ஆடறீங்களே அத்தை" என்றாள் என் மருமகள். ஒண்டியாக ஆடுகிற ஆட்டத்தை நான் எடுப்பதில்லை. இரண்டு பேர் என்பதைத்தான் எடுக்கிறேன். மஞ்சள் டாங்கி இப்போது என்னுடையது. பச்சை டாங்கி கோட்டைக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கிறது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நேற்று மூன்றாவது கட்டத்தில் இருந்தபோது அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. ஸ்டார்ட்டை அமுக்கி நிறுத்தினேன். பாலை இறக்கி வைத்து, தண்ணீர் குடித்து, புடவையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தேன். பச்சை டாங்கி விட்ட இடத்திலேயே நின்றது, ஒரு குண்டு படவில்லை. மறுபடி அமுக்கினேன்.