முகம் மட்டும் தெரிந்த வீடியோ

என் கையெழுத்து கோணல். எந்த ரகரம் எங்கே வரவேண்டும் என்பது எனக்கு எப்போதும் குழப்பம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மகள் சுவிசில் பிறந்தவள். நாங்கள் இருந்த மலையூரில் பிள்ளைகள் நடக்கப் பழகிய கையோடு ஐஸில் ஓடப் பழகுவார்கள். ஏழு வயதில் ஐஸ் ஹொக்கித் தடியைப் பிடித்தாள். லண்டன் வந்து மனோர் பார்க்கில் குடியேறிய பிறகும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய பெரிய பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஐஸ் மைதானத்துக்குப் போவோம். அவள் கோல் அடிக்கிற ஆள் இல்லை. மற்றப் பக்கத்தார் அடிக்காமல் மறிக்கிற ஆள்.

2009இல் அவளுக்குப் பதினேழு வயது. அமெரிக்கக் கொலிஜுகள் நன்றாக விளையாடுகிற பிள்ளைகளைத் தேடி எடுத்துப் படிப்பிக்கும் என்று அவள்தான் சொன்னாள். அங்கே கோச்மார் ஊர் ஊராகப் போய், ஆட்டம் பார்த்து ஆள் பிடிப்பார்களாம். எங்கள் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இங்கிருக்கிற பிள்ளை தானே எழுதவேண்டும்: உயரம், எந்தக் கைப் பழக்கம், பள்ளிக்கூடப் புள்ளிகள், கூடவே விளையாடுகிற வீடியோ. பதினொரு கொலிஜுகளுக்கு எழுதினாள். ஒரேயொரு கோச் பதில் போட்டார். அடுத்த வருடத்துக்கு மறிக்கிற ஆள் ஒருவருக்குத்தான் இடம் மிச்சம், வீடியோவை உடனே அனுப்பு என்றார்.

"வீடியோவை நான் பாக்கிறன்" என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு வீடியோ என்றால் பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் கேட்டில் வீடியோக் கடை வைத்திருக்கும் தம்பிதான். கலியாணம், பிள்ளை பெரியவளானால் செய்கிற சாமத்தியச் சடங்கு எல்லாம் அவர்தான் எடுப்பார். மகளின் சடங்கையும் அவர்தான் எடுத்தவர். ஆட்டத்தன்றும் சொன்ன நேரத்துக்கு வந்து, கமராவின் மேல் பெரிய லைட்டைப் பூட்டிக்கொண்டு, ஐஸைச் சுற்றியுள்ள கண்ணாடியோரம் நின்றார். நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து லைட்டை அணைக்கச் சொன்னார்.

"அண்ணை, பிள்ளை கோல் ஒண்டும் அடிக்கேல்லையே. எதை எடுக்கிறது?"

"அவ மறிக்கிற ஆள், தம்பி."

"அப்ப முகத்தை எடுப்பம். ஹெல்மெட் கம்பிக்குள்ளாலயும் வடிவாத் தெரியுது."

இரண்டு கிழமையில் டிவிடி வந்தது. தொடக்கத்தில் பொன்னெழுத்தில் மகளின் பெயர். மேலிருந்து ரோசாப்பூ விழுந்தது. நாதஸ்வரம் ஒலித்தது. மகள் மெல்ல, மிக மெல்லத் திரும்பினாள். மனைவி கண்ணைத் துடைத்தாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. கோச் உடனே என்று எழுதியிருந்தாரே. மகள் பள்ளிக்கூடத்தால் வருவதற்குள் தபாற்கந்தோர் பூட்டிவிடும் என்று நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

கோச்சின் பதிலை மகள் தமிழில் சொன்னாள். "உன் முகத்தை நன்றாகப் பார்த்தேன். நீ விளையாடுவதைப் பார்க்க முடியவில்லை. எல்லோரும் தெரிகிற மாதிரி, ஒரு முழு ஆட்டம் எடுத்தது இருக்கிறதா?"

பிறகு வீட்டிலிருந்த டிவிடிக் கொப்பியைப் போட்டுப் பார்த்தாள்.

"என்னப்பா இது? நான் என்ன மணவறைக்கே போறன்?"

"வடிவா இருக்கெண்டு..."

"பக் எங்க? ஒருக்காலாவது பக் தெரியுதா?"

பக் என்பது அவர்கள் தடியால் அடிக்கிற கறுப்பு வட்டு. நானும் மனைவியும் திரும்ப முழுவதும் பார்த்தோம். அது ஓரிடத்திலும் இல்லை.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுக் கமராவை இரவல் வாங்கினேன். பஸ்ஸில் மகள் பாடம் நடத்தினாள்.

"உச்சிப் படியில நில்லுங்கோ. என்னைப் பாக்காதேங்கோ, பக்கைப் பாருங்கோ. கிட்ட இழுக்க வேண்டாம். நான் விழுந்தாலும் நிப்பாட்டக்கூடாது. விளங்கிச்சுதோ?"

"ஓம்."

பார்க்கிறவர்கள் இருக்கிற படிவரிசையில் உச்சிப் படி, கத்திக் கூப்பாடு போடுகிற தகப்பன்மாரின் இடம். நான் அதுவரை கீழே தேநீர் மெஷினுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். இங்கிலிஷில் "சொறி, கமரா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஒருவர் தன் பையை எடுத்து இடம் தந்தார். பாதி ஆட்டத்தில் மகள் சறுக்கி விழுந்தாள். அவள் விட்ட பக்கத்தால் கோல் போனது. விரல் நிறுத்தும் பட்டனுக்குப் போய்த் திரும்பியது. அன்று நான் மகளைப் பார்க்கவேயில்லை. கறுப்பு வட்டை மட்டும் பார்த்தேன்.

அதை அனுப்பிய பிறகு கோச் ரெலிபோன் எடுத்தார். மகள் அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எங்களுக்குச் சொன்னாள். இந்த வீடியோ முதலில் வந்திருந்தால் அவளைத்தான் எடுத்திருப்பாராம். போன கிழமை அந்த இடத்தைக் கனடாவிலிருந்து ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். இடது பக்கம் திரும்புவது மெதுவாக இருக்கிறது, திருத்து. மாதம் ஒரு ஆட்டம் அனுப்பு. அடுத்த வருடம் பார்க்கலாம், உறுதி தரமாட்டேன் என்றாராம்.

"எல்லாம் அந்த நாதஸ்வரம் செய்த வேலை" என்றாள் மனைவி.

"நாதஸ்வரம் இல்லையம்மா, அப்பா" என்றாள் மகள். சிரித்தாள். பிறகு மேலே போய் அழுதாள்.

கோயிலில் ஒருவர் கேட்டார். "என்ன, பிள்ளையை எடுக்கேல்லையாம்? வெள்ளைப் பிள்ளையளோட எங்கட பிள்ளையளுக்கு ஏலுமே?" நான் சிரித்துவிட்டு அர்ச்சனை வரிசைக்குப் போனேன். அடுத்த கிழமை இன்னொருவர் அதையே கேட்டபோது மகளும் பக்கத்தில் நின்றாள். அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவளுக்கு ஏலும். அவளால் முடியும் என்று கோச்சே சொன்னார். அந்த டிவிடியை அவளுக்குக் காட்டாமல் அனுப்பியது நான். இனிக் கேட்கிறவர்களிடம் நான் எழுதிய இந்தத் தாளைக் கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை, 13.12.2009