ஹோட்டல் அறைக்குப் போதுமான தாய்லாந்து மொழி

லண்டனுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குவது. இங்கே கதவுப் பிடியில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டுவிட்டால் மத்தியானமானாலும் யாரும் தட்டக்கூடாது. யாழ்ப்பாணத்தில் பகல் பத்து மணிக்குக் கதவு சாத்தியிருந்தால், ஆளுக்கு என்ன சுகவீனமோ என்று அயல் முழுவதும் வாசல் படலையடிக்கு வந்துவிடும். அட்டை தொங்கும் கதவுகளைத் தாண்டித் தள்ளுவண்டியோடு போகும்போதெல்லாம் உள்ளே இருப்பவருக்கு என்னவோ என்று மனம் குறுகுறுக்கும்.

எண்பதுகளின் கடைசியில் என் தங்கை வதனியும் பாங்கொக்கில் ஒரு மலிவு ஹோட்டலில் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தாள். லண்டனுக்கு, அண்ணன் என்னிடம் வருவதற்காகப் புறப்பட்டவள். காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட், 'இந்தா வாறன்' என்று போனவன், திரும்பி வரவில்லை. விசா முடிந்துவிட்டது. பக்கத்து ஹோட்டலில் நம்மவர் சிலரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. பயத்தில் வதனி துப்புரவுப் பெண்ணைக்கூட உள்ளே விடவில்லை. தானே கூட்டி, தானே துடைத்து, படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரித்து வைத்திருந்தாள். அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி.

அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஸ்ட்ரெதம் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். ஹோட்டலில் தங்கும் பயணிகளுக்கான தாய்லாந்து வசனங்கள். அந்தப் புத்தகத்துப் பயணிக்கு ஆற்றைப் பார்த்த அறை வேண்டும், நீச்சல் குளம் திறக்கும் நேரம் தெரியவேண்டும். 'விசா முடிந்துவிட்டது, காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்' என்பதற்கு அதில் வசனம் இல்லை. இருந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதி, ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்பரித் தொலைபேசிக் கூண்டிலிருந்து வாசித்துக் காட்டினேன். 'கோப் குன் கா' என்றால் நன்றி. அவளும் சின்ன வகுப்புப் பிள்ளைபோலத் திருப்பிச் சொல்வாள்.

எங்கள் ஹோட்டலில் மேற்பார்வையாளராக இருந்தவள் ஓர் அயர்லாந்துக்காரி. எப்படிப்பட்ட விருந்தினர்மேல் சந்தேகம் வரும் என்று அவளிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "தன் படுக்கையைத் தானே விரிக்கிறவர்மேல்தான்" என்றாள். "காசு கொடுத்துத் தங்குகிறவர் ஏன் வேலை செய்யவேண்டும்? எந்த அறை?" ஓர் அறையும் இல்லை, சும்மா கேட்டேன் என்றேன். நம்பவில்லை. நான் ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்து, என் மாடியில் இருந்த அறைகளையெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அந்த ஞாயிறு நான் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"வதனி, இனிமேல் படுக்கையை விரிக்காதை. குளிச்சுத் துடைச்ச துவாயை நிலத்திலை போடு. அந்த மனிசியை உள்ளுக்கை விடு."

"என்ன கதைக்கிறியள் அண்ணை? நான் படுத்த படுக்கையை இன்னொரு பொம்பிளை வந்து மடிக்கிறதோ? என்னாலை ஏலாது."

"ஏலும். நான் இஞ்சை ஒவ்வொரு நாளும் மடிக்கிறன். அறை குழம்பிக் கிடந்தால்தான் ஊர் பார்க்க வந்த ரூறிஸ்ட் எண்டு நினைப்பினம். ஏதும் குறையும் சொல்லு. 'ஏர் சியா' எண்டால் ஏசி பழுது."

"ஏசி நல்லாத்தானே வேலை செய்யுது?"

"செய்யட்டும். நீ சொல்லு."

அடுத்த கிழமை மனேஜர் ஒரு பொலிஸ்காரனோடு வந்து கதவைத் தட்டினானாம். வதனி அவிழ்ந்த தலைமயிரோடு திறந்து, அவர்கள் வாயைத் திறக்கமுன் 'ஏர் சியா' என்று சிடுசிடுத்திருக்கிறாள். பின்னால் படுக்கை குழம்பிக் கிடந்தது, துவாய் நிலத்தில் கிடந்தது. பொலிஸ்காரன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். மனேஜர் மன்னிப்புக் கேட்டு, மெக்கானிக் ஒருவனை அனுப்பி, பழுதாகாத ஏசியைத் திருத்திக் கொடுத்தான். இதைச் சொல்லி அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

ஆனால் அவள் லண்டனுக்கு வரவில்லை. கடைசியில் திரும்பி வந்த ஏஜென்ட், லண்டன் பாதை அடைபட்டுவிட்டதென்று அவளைக் கனடாவுக்கு ஏற்றிவிட்டான். அவளுக்கென்று சின்ன அறையில் கட்டில் போட்டு வைத்திருந்தேன். உயிரோடு போய்ச் சேர்ந்தாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டாலும், அந்தக் கட்டிலைப் பார்க்கத் துக்கமாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் வதனி கனடாப் பாஸ்போர்ட்டோடு லண்டன் பார்க்க வந்தாள், கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும். ஹோட்டலில் அறை எடுத்திருந்தாள். "உங்கடை வீடு சின்னன், அண்ணிக்கும் கரைச்சல்" என்றாள். கூடப்பிறந்தவன் இருக்கிற இடத்தில் தங்கை ஹோட்டலில் தங்கினால், ஊரில் அதற்குச் சண்டை என்றுதான் பெயர். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. வேலை முடிந்து நேரே அவளிடம் போனேன். அப்போதும் எனக்கு அதே வேலைதான்.

கதவைத் திறந்து கட்டிப்பிடித்தாள். உள்ளே படுக்கைகள் குழம்பிக் கிடந்தன. பிள்ளைகள் துவாய்களை நிலத்தில் போட்டு மிதித்துக்கொண்டு திரிந்தார்கள். கதைத்துக்கொண்டே நின்ற நான், என்னை அறியாமல் விரிப்பை இழுத்து ஒரு மூலையை மடித்துச் செருகிவிட்டேன்.

"விடுங்கோ அண்ணை" என்றாள் வதனி, எனக்குத் தேநீர் ஊற்றியபடி. "ஹோட்டல் ஆக்கள் வந்து செய்வினம்."

விட்டுவிட்டேன். ஒரு மூலை மடிந்தும் மறு மூலை தொங்கியும் கிடந்த அந்தப் படுக்கையில் உட்கார்ந்து, தேநீரை வாங்கிக்கொண்டேன்.