என் மகள் மிதித்த சேறு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊருக்கு நீங்கள் வந்தால், பண்ணையாளாக இருந்து மாடி வீடு கட்டியவன் யார் என்று கேட்டுப் பாருங்கள், என் வீட்டைத்தான் காட்டுவார்கள். கூலி உயர்வுக்குக் கொடி பிடித்தேன், அடியும் பட்டேன். திராவிடக் கட்சி ஆட்சியில் உச்சவரம்புக்கு மேலிருந்த பண்ணை நிலத்தை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது எனக்கு ஒரு ஏக்கர் கிடைத்தது. பட்டா வாங்கும்போது கைநாட்டுப் போடச் சொன்னார்கள். முடியாது என்று கையெழுத்தே போட்டேன், முழுப் பெயரையும்.

பக்கத்து ஏக்கர் ஒரு அக்காவுக்கு. அவள் புருஷன் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய், நோயோடு திரும்பிச் செத்தவன். எங்கள் மாதாகோயிலில்தான் அவளும் முழங்கால் போடுவாள். அந்த அக்காவின் நிலத்தைத்தான் நான் திருடினேன்.

நடவுக்கு முன்னால் வரப்பின் இரண்டு பக்கமும் மண்வெட்டியால் அரிந்து சேறு பூசுவோம். அண்டை கழிப்பது என்று பெயர். அவளுக்கு ஆம்பளைத் துணை இல்லை, "உன் பக்கத்தையும் நானே பாத்துக்கிறேன்க்கா" என்றேன். ஊரே மெச்சியது. என் பக்கம் நாலு விரல் அரிவேன், அந்த மண்ணை அவள் பக்கம் அணைப்பேன். வரப்பின் கனம் குறையாது, இடம்தான் அவள் பக்கமாக நகரும். ஐந்தாறு வருஷத்தில் ஒரு முழம் வந்துவிட்டது. அணைத்த சேற்றை இறுக்குவது என் மகள் வேலை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்துக் குதித்து மிதிப்பாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் புதுநன்மை வந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் நற்கருணை, அதற்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம். அன்று காலை நான் பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, வரப்ப நகத்துனது நீங்க, மிதிச்சது நான். இத சாமிக்கிட்ட யாரு சொல்லணும்?"

"யாரு நகத்துனா?"

"ரெண்டு எல்லக் கல்லுக்கும் நடுவுல வளஞ்சு கெடக்கேப்பா. வருசா வருசம் அந்தப் பக்கந்தானே மிதிக்கச் சொல்றீங்க."

அடுப்படியில் இருந்து என் மனைவி சிரித்தாள். "மிராசுதாரையே மடக்குன வாயில்ல, இப்பப் பேசுங்களேன்!"

"சின்னப் புள்ளைக்கு அதெல்லாம் பாவமில்ல" என்றேன்.

"எடுத்தத திருப்பிக் குடுக்காம மன்னிப்புக் கேட்டா செல்லாதுன்னு கோயில்ல பாடம் எடுக்குற உபதேசியார் சொன்னாரு. நான் நன்மை வாங்கல." தைத்து வைத்திருந்த வெள்ளைக் கவுனைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டாள்.

கும்பாவைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். பிள்ளைக்கு நிலம் சேர்க்கிறேன் என்று எத்தனை பேரிடம் மார்தட்டியிருப்பேன்! சேர்த்தது அது மட்டுமில்லை.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவளும் கூடவே வந்தாள். கல்லுக்குக் கல் கயிறு இழுத்துக் கட்டி, வளைந்த வரப்பை வெட்ட ஆரம்பித்தேன். பக்கத்தில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் விடுவார்களா?

"என்னண்ணே, சர்வேயர் உத்தியோகம் கெடச்சிருச்சா?"

எலிவளை வெட்டுகிறேன் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. அக்கா நிலத்துல ஒரு மொழம் திருடிட்டேன். திருப்பிக் குடுக்குறேன்."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம். நாற்றுக் கட்டை அப்படியே போட்டுவிட்டு அவர்களுக்குள்ளிருந்து அக்கா எழுந்து வந்தாள்.

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சும் ஏன்க்கா கேக்கல?"

"என்னான்னு கேப்பேன்? வரப்பு நெடுக இந்தப் புள்ள காலடியாக் கெடக்கு. நாலு பேர வச்சுக் கேட்டா இது காலடியத்தானே காட்டணும்?" அவள் குனிந்து என் மகள் காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்தாள். "பச்ச மண்ணு, இதுக்கு என்னா தெரியும்."

பெற்றவன் நான். அந்தக் காலடியை நினைத்துப் பார்த்தவள் அவள்.

சாயங்காலம் கோயிலில் பிள்ளைகள் வரிசை. என் மகள் உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தவன் நான், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போனதில்லை. பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"பயப்படாதீங்கப்பா, சாமி திட்டமாட்டாரு" என்று காதோடு சொன்னாள்.

முழங்கால் போட்டேன். மேடை மேடையாகப் பேசிய ஆள் நான், அன்று சாமியார் காதுக்கு மட்டும் கேட்கப் பேசினேன்.

"பெத்த புள்ளைய என் பாவத்துல எறக்கி விட்டுட்டேன் சாமி" என்றேன். ஒரு முழம் நிலத்தை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.