விளக்கு வைக்கும் நேரத்து இருமல்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், எங்கள் பக்கத்து வீட்டில், செத்துப்போன ஒருவன் தினமும் இருமினான். இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த வரிசை வீடுகளுக்கு நடுவே வெறும் பலகைச் சுவர்தான். அதுவும் கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் வரிசையே தும்மும். உயிரோடு இருந்தபோது அவன் இருமியதை ஒரு வருஷம் கேட்டவள் நான். அந்த இருமல் எனக்கு நன்றாகத் தெரியும்.

சயரோகம் அவனைத் தின்றது. அவன் செத்த நாள் அவிட்ட நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தில் உயிர் பிரிந்தால் அடைப்பு. செத்த அறையை ஆறு மாதம் சாத்திவைக்க வேண்டும். பொழுது சாயும்போது உள்ளே ஒரு விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் வைக்க வேண்டும். தவறினால் போனவன் திரும்பி வந்து இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போவான் என்பார்கள். வீடு அவனுடைய அண்ணனுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ். ரயில் பட்டறையில் அவர் பெரிய முரடர். ஆனால் அந்தப் பின்னறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். விளக்கு வைக்கும் வேலை தம்பி பெண்டாட்டியின் தலையில் விழுந்தது. என்னைவிட இளையவள், கையில் ஒரு பெண் குழந்தை.

முதல் இரண்டு மாதம் சத்தமில்லை. பிறகு ஒரு நாள் அவள் விளக்கோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் இருமல் கேட்டது. அதே வறட்டு இருமல், அடிவயிற்றிலிருந்து. வரிசை முழுக்க அடுப்பை விட்டு வாசலுக்கு வந்துவிட்டது. மறுநாளும் கேட்டது. அவள் உள்ளே போனால் கேட்கும், வெளியே வந்தால் நின்றுவிடும்.

"பொண்டாட்டிய விட மனசு இல்ல அவனுக்கு. வா வான்னு கூப்பிடுறான்," என்றார் அண்ணன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அவள் மெலிந்துகொண்டே போனதற்கும் அதையே காரணமாகச் சொன்னார்கள். எனக்கும் பயம்தான். இருமல் கேட்கும்போது பலகைச் சுவரை விட்டுத் தள்ளிப்போய் நிற்பேன். அந்த நாட்களில் அவள் குழந்தையை என் வீட்டில் படுக்கவைக்கத் தொடங்கியிருந்தாள். அது ஓடிவந்து காலைக் கட்டினால் உதறிவிட்டு நகர்வாள். பெற்ற பிள்ளையிடம் இப்படியும் ஒருத்தியா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குழந்தையைப் பற்றி அண்ணன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். அடைப்பு முடிந்ததும் அதைச் சுங்கை பூலோ பக்கம் ஒரு தோட்டத்துக் கங்காணி வீட்டுக்கு வளர்க்கக் கொடுக்கப்போகிறாராம். அங்கே பிள்ளை எப்படி வளரும் என்று ஊருக்கே தெரியும்: விளக்குமாறும் பாத்திரமுமாக. கிள்ளானில் இவளுக்குச் சொந்த அக்கா இருந்தாள். இட்லி சுட்டு விற்பவள், பிள்ளை இல்லாதவள், இந்தக் குழந்தை என்றால் உயிர். ஆனால் அவள் வேறு சாதிக்காரனோடு குடும்பம் நடத்துகிறாள் என்று அண்ணன் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். தாலி இழந்தவள் பேச்சை யார் கேட்பார்கள்?

ஒரு நாள் அவள் அக்காவைப் பார்க்கக் கிள்ளானுக்குப் போனவள், பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. ரயில் தாமதம். விளக்கு வைக்கவில்லை. ஆம்பளைகள் உட்பட எல்லோரும் தெருவில் நின்று கையைப் பிசைந்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் பயம் கொஞ்சம் பின்வாங்கும். தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நான் உள்ளே போனேன்.

எண்ணெய் நாற்றம், ஈர நாற்றம். இருமல் இல்லை. விளக்கை ஏற்றித் திரும்பினால், கதவுக்குப் பின்னால் ஒரு கொட்டாங்கச்சி. அதில் சாம்பல். சாம்பலின்மேல் முந்தின நாள் ரத்தம், இன்னும் முழுக்கக் காயாமல். செத்தவன் ரத்தம் துப்புவானா? பகலெல்லாம் அடக்கி வைப்பதை அவள் இங்கே வந்துதான் இருமித் தீர்க்கிறாள்.

"இருமினானா?" என்று வெளியே கேட்டார்கள்.

"இல்லை," என்றேன்.

"பொண்டாட்டி இல்லையில்ல, எப்படி இருமுவான்?" என்றார் அண்ணன், எல்லாம் தெரிந்தவர் மாதிரி.

மறுநாள் குழாயடியில் அவளைப் பிடித்தேன். "ஆஸ்பத்திரிக்கு வா, நான் கூட வரேன்," என்றேன்.

"வேணாம்க்கா. எனக்கும் இதுதான்னு தெரிஞ்சா இன்னைக்கே என்னை அங்க தள்ளிட்டு, புள்ளையக் கங்காணி வீட்ல விட்டுருவாரு. அக்காகிட்ட சேர்க்க ஒரு வழி தெரியறவரைக்கும் வாயத் திறக்காதீங்க."

வழி ஏதும் தெரியாமலே அறை திறக்கும் நாள் வந்தது. காலையிலேயே பூசாரி வந்தார். மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, கற்பூரம். கதவைத் திறந்து ஒரு சட்டி நிறையச் சாம்பிராணி போட்டார்கள். புகை சுருண்டு அவள் முகத்தில் அடித்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. அடக்க முடியவில்லை. இருமிவிட்டாள், எல்லோர் முன்னாலும்.

கூட்டம் அலறிக்கொண்டு பின்வாங்கியது. அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "தம்பி!" என்றார்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கெட்டதடா குடி, இனி எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். அவளோ கூந்தலை அவிழ்த்து விட்டாள். தொண்டையைக் கரகரத்து, அவன் பேசுவதைப் போலவே இழுத்து இழுத்துப் பேசினாள்.

"அண்ணே... என் புள்ளையக் கங்காணி வீட்டுக்கா அனுப்புற? கிள்ளானுக்கு அனுப்பு. இன்னைக்கே அனுப்பு. இல்லாட்டி நான் போகமாட்டேன்."

அந்தக் குரல் கேட்டு, உண்மை தெரிந்த எனக்கே முதுகு சில்லிட்டது. அண்ணன் எரியும் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார். நானும் கைகூப்பி நின்றேன். வேறு என்ன செய்ய?

அக்காவுக்கு ஆள் போனது. மத்தியான ரயிலில் வந்து சேர்ந்தாள். அதுவரை தங்கை அந்த அறை வாசலில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். அண்ணன் கண்ணை எடுக்காமல் எதிரிலேயே நின்றதால் அந்த வேஷத்திலிருந்து இறங்கி வரவும் முடியவில்லை. குழந்தைக்குத் தலைவாரி, பொட்டு வைத்து, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அது அவளைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு ஓடியது.

"கிட்ட வராதே," என்றாள், அந்தக் கரகரத்த குரலில். குழந்தை திடுக்கிட்டு நின்றது.

"அது உங்கப்பா. சொல்லிட்டுப் போம்மா," என்று அண்ணன் பின்னாலிருந்து தள்ளினார்.

குழந்தை அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. உதடு பிதுங்கியது.

"அப்பா, போயிட்டு வரேன்."

"சரி, போ," என்றாள் தாய்.