கல்வெட்டுப் பூக்கள்

என் மச்சாளின் கை சும்மா இருக்காது. பால்மாத் தகரப்பேணி வெறுமையானால் அதற்குச் சணல் சுற்றிப் பூச்சாடி ஆக்கிவிடுவாள். முட்டை அடுக்கி வருகிற மட்டைத் தட்டை நனைத்துப் பிய்த்து ரோசாப்பூச் செய்வாள். கிழிந்த சேலையின் கரையை வெட்டி யன்னலில் தொங்கவிடுவாள். வருகிறவர்கள் எல்லாரும், "ஐயோ, என்ன வடிவு! எல்லாம் எறியிற சாமானோ?" என்று வாயைப் பிளப்பார்கள். எனக்கு வயிறு எரியும். அந்தப் பூக்களில் படிகிற தூசியைத் தட்டுகிறவள் நான்.

மச்சாள் என்றது என் கணவரின் தங்கையை. முப்பத்தாறு வயதாகியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. உரும்பிராயில் நாங்கள் குடியிருக்கும் வீடு அவளுக்கென்று வைத்த வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். எனக்கும் ஒரு சீதன வீடு இருந்தது. சண்டைக் காலத்தில் அது விழுந்து, இப்போது அத்திவாரத்தில் நாயுண்ணிச் செடி படர்ந்து கிடக்கிறது. அதனால் நான் புருசன் வீட்டுக்கு வந்தேன். படுக்கையில் கிடந்த மாமிக்கு ஆறு வருடம் பீ மூத்திரம் அள்ளினேன். மாமி கண்ணை மூடுகிற நேரத்திலும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வீடு உனக்குத்தான் மோனை" என்று சொல்லிவிட்டுத்தான் போனா. நான் கால்மாட்டில் நின்றேன். என்னை ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமியின் பழைய அலுமாரியைக் கரையான் தின்றபோது, அதன் கண்ணாடியை மட்டும் மச்சாள் கழற்றி எடுத்தாள். கடதாசியைச் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றையும் கச்சான் கடலைச் சுருள் மாதிரிக் கூம்பாகச் சுருட்டி, கண்ணாடியைச் சுற்றி மூன்று வரிசையாக ஒட்டினாள். கூர் உள்ளே, வாய் வெளியே. தூரத்தில் நின்று பார்த்தால் பெரிய சூரியகாந்திப்பூ. இரண்டு வரிசை முடிந்ததும் பழைய கலண்டர்த் தாள்கள் தீர்ந்துபோயின.

"அண்ணி, மினுங்கிற பேப்பர் ஏதும் கிடக்கோ?" என்று கேட்டாள்.

அலுமாரியில் இருந்து எடுத்த கல்வெட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. கல்வெட்டு என்றது, ஒருவர் செத்த முப்பத்தோராம் நாள், அவருடைய படமும் தேவாரமும் குடும்ப வரலாறும் போட்டு அச்சடித்து, சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிற புத்தகம். ஒரு வீட்டிலும் அதை வாசிப்பதில்லை. எறியவும் பயம். அடுக்கடுக்காய்ச் சேர்ந்துகொண்டே போகும். முதல்தரமான தாள். நான் பெட்டியைத் தூக்கி அவள் முன்னால் வைத்தேன்.

"பாவமெல்லே அண்ணி?"

"செத்த ஆக்கள் எழும்பி வந்து கேக்கப்போகினமே? கரையான் தின்னுறதிலும் பாக்க இது திறம்."

அவள் பயந்து பயந்துதான் வெட்டினாள். முகம் உள்ள தாள்களையும் தேவாரம் உள்ள தாள்களையும் ஒதுக்கி, கும்பிட்டுத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். ஓரத்தில் மஞ்சள் பூப் போட்ட நன்றிப் பக்கங்களையும் குடும்ப வரலாற்றுப் பக்கங்களையும்தான் எடுத்தாள். பூ வெளியே தெரிகிற மாதிரிச் சுருட்டினாள். எல்லாவற்றிலும் கவனம். தாளுக்குப் பின்பக்கமும் ஒன்று உண்டு என்பதை மட்டும் ஒன்றிரண்டு இடத்தில் மறந்துவிட்டாள். எறிகிற சாமானையே மினுக்குகிற அளவுக்குக் கெட்டிக்காரி, இதில் கோட்டை விட்டாள்.

அடுத்த மாதம் சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளைக்குச் சாவகச்சேரியில் அரசாங்க வேலை. தகப்பன் இல்லை, தாய் மட்டும். கல்யாணம் முடிந்தால் இருவரும் இந்த வீட்டுக்கே வந்துவிடுவார்களாம். என் கணவர் சோறு தின்றபடியே சொன்னார்: "இது சரிவந்தால் நாங்கள் பக்கத்தூர்த் திருநெல்வேலியிலை ஒரு வாடகை வீடு பாப்பம்." ஏதோ சட்டை மாற்றுகிற மாதிரி. எனக்குக் கையில் இருந்த அகப்பையால் ஒன்று போடலாம் போல் இருந்தது.

சம்பந்தம் வந்தால் எங்கள் ஆட்கள் முதலில் தேடுவது கல்வெட்டைத்தான். யார் யாருக்கு என்ன முறை, எந்தப் பகுதி என்று எல்லாம் அதில் இருக்கும். மாப்பிள்ளையின் தகப்பன் செத்தபோது, அப்போது உயிரோடிருந்த என் மாமனார் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவர். அந்தக் கல்வெட்டை எடுத்துத் தரச் சொன்னார் கணவர். நானும் ஏதாவது ஓட்டை அகப்படாதா என்ற ஆசையோடுதான் தேடினேன். மட்டையும் நாலு தாளும் கிடைத்தன. மட்டையில் தடித்த கறுப்பு விளிம்பு மூக்குக்கண்ணாடி போட்ட மனுசன், வலது புருவத்தின் மேல் ஒரு பெரிய மச்சம். நடுத் தாள்கள் இல்லை.

"கரையான் திண்டிட்டுது" என்று கணவருக்குச் சொன்னேன். மச்சாள் வெட்டியிருப்பாள் என்று தெரியும்; அதில் என்ன கிடக்கிறது என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்கியது மூன்றாம் நாள் காலையில். விறாந்தைச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்குக் கீழே குந்தியிருந்து தரை துடைத்துக்கொண்டு போனவள் தலையை நிமிர்த்தினேன். நின்று பார்க்கிறவர்களுக்குக் கூம்புகளின் வெளிப்பக்கம்தான் தெரியும். கீழே இருந்து பார்த்தால் கடைசி வரிசையின் வாய்க்குள் பார்க்கலாம். ஒரு கூம்புக்குள் கறுப்பு விளிம்பு மூக்குக்கண்ணாடியும் ஒரு கண்ணும் இருந்தன. கண்ணுக்கு மேலே மச்சம்.

அந்த வீட்டில் குந்தியிருந்து தரை துடைக்கிற ஆள் நான் ஒருத்திதான். அதனால் அதை வேறு ஒருவரும் காணவில்லை. கையை நீட்டி அந்த ஒரு கூம்பைப் பிய்த்திருந்தால் விசயம் முடிந்திருக்கும். நான் துணியைப் பிழிந்துவிட்டு மிச்சத் தரையைத் துடைத்தேன்.

அவர்கள் வருகிற அன்று காலையில் இன்னொரு வேலையும் செய்தேன். விறாந்தையில் ஒரு தாழ்வான பிரம்புக் கதிரை, எப்போதும் யன்னலைப் பார்த்தபடி கிடக்கும். துடைத்து முடிந்ததும் அதைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான். கதிரை திருப்புவது ஒரு குற்றமா என்று அன்றைக்கு முழுக்க எனக்குள்ளே கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

மாப்பிள்ளையின் தாய்க்கு முழங்கால் வருத்தம். நானே கையைப் பிடித்துக் கூட்டிவந்து அந்தக் கதிரையில் இருத்தினேன். முதலில் அவவுக்கு எல்லாம் பிடித்துத்தான் இருந்தது. பேணியைப் பார்த்தா, முட்டைத்தட்டு ரோசாவைத் தொட்டுப் பார்த்தா.

"எல்லாம் பிள்ளைதான் செய்ததோ? வீட்டை வைச்சிருக்கத் தெரிஞ்ச பிள்ளை" என்றா.

மச்சாள் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். அப்படி அவள் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளையும் அவளைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. எனக்கு அந்த நிமிடம் கொஞ்சம் பதைத்தது. எழும்பிப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நிற்கலாமா என்றுகூட நினைத்தேன். நிற்கவில்லை.

தாய் கண்ணாடியைப் பார்த்துத் தலைமயிரை ஒதுக்கினா. பிறகு அவவின் கண் கீழ் வரிசைக்குப் போய் அங்கேயே நின்றது. முழங்கால் வருத்தத்தையும் மறந்து எழும்பினா. கிட்டப் போய்க் குனிந்து, அந்தக் கூம்பைப் பிய்த்து, விரலால் நீவி நீவி விரித்தா.

"இது இவரெல்லே" என்றா. எங்களுக்குச் சொல்லவில்லை, தனக்குத்தான் சொன்னா. பிறகு எங்களைப் பார்த்து, "ஆர் இதை வெட்டினது?"

"நான்தான் அம்மா" என்றாள் மச்சாள்.

பெட்டியை எடுத்துக் கொடுத்தது அண்ணி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைக் கேட்பதற்காக என் காது இரண்டும் விறைத்துக்கொண்டு நின்றன. அவள் சொல்லவில்லை.

"செத்த மனுசன்ரை முகத்தை வெட்டிச் சோடினை செய்யிற வீட்டிலை என்ரை பிள்ளை கை நனைக்கமாட்டான். தம்பி, எழும்பு."

அவர் எழும்பினார். போகும்போது திரும்பிப் பார்த்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பார்க்கவில்லை. கணவர் வாசல் படலை வரைக்கும் கெஞ்சிக்கொண்டு பின்னால் ஓடினார். அன்றைக்கு நான் சுட்ட பயற்றம் பணியாரம் நன்றாக வந்திருந்தது. குசினியில் நின்று மூன்று தின்றேன். எனக்குச் சந்தோசம். அதை மறைத்து எழுத வரவில்லை.

கதை சாவகச்சேரி தொட்டுத் தென்மராட்சி முழுக்கப் பரவியது. கல்வெட்டை வெட்டிய பெண் என்றே பெயராகிவிட்டது. கல்யாணப் புரோக்கர் எங்கள் ஒழுங்கையால் போவதையே விட்டுவிட்டார். மச்சாள் எங்களுக்கு முன்னால் அழவில்லை. கத்தரிக்கோலையும் தொடவில்லை.

இரண்டு கிழமை கழித்து, ஒரு பின்னேரம் விறாந்தையில் இருந்து ஏதோ வெட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டிப் போனேன்.

"அண்ணி, அந்தக் கதிரை யன்னலைப் பாத்தெல்லே கிடக்கிறது?"

"ஓம். அண்டைக்குத் துடைக்கேக்கை திரும்பியிருக்கும்."

"துடைச்சு முடிய நீங்கள் எப்பவும் நேராக்கி வைக்கிறனீங்கள்."

கோபம் இல்லாத குரல். தலையை நிமிர்த்தவும் இல்லை. பிய்ந்த இடத்துக்குப் புதுக் கூம்பு ஒட்டிக்கொண்டிருந்தாள். கீழ் வரிசை முழுவதையும் கழற்றிவிட்டாள் என்பதை அப்போதுதான் கண்டேன். புதுத் தாள் வெள்ளை, கறுப்புக் கோடு. கிட்டப் போய்ப் பார்த்தேன். அவளுடைய சாதகக் குறிப்பு. புரோக்கர்மாருக்குக் கொடுக்கவென்று அண்ணன் எடுத்து வைத்திருந்த பிரதிகள் முழுவதையும் சதுரம் சதுரமாக வெட்டியிருந்தாள்.

"வடிவாயிருக்கோ?"

"ஓம், வடிவு" என்றேன்.

"அண்ணையிட்டைச் சொல்லிப்போட்டன், எனக்கு இனிக் கல்யாணம் வேண்டாமெண்டு. நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை, அண்ணி. அம்மாவைப் பாத்த மாதிரி என்னையும் நீங்கள்தான் கடைசிமட்டும் பாக்கோணும்."

சொல்லிவிட்டுப் பசைக் கையோடு எழும்பி, பிரம்புக் கதிரையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்தாள். இன்றுவரை அது அப்படியேதான் கிடக்கிறது. நான் திருப்புவதில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் குந்தியிருந்து தரை துடைக்கும்போது, கடைசி வரிசைக்குக் கீழே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு துடைக்கிறேன்.