நிஸார் பெயரில் ஒரு கப்

போன சனிக்கிழமை மத்தியானம் இரண்டு கப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு வெலவெலத்துப்போய் நின்றேன்.

ஃபுட்பால் கேம்ப் ஆயிற்றே, வெள்ளிக் கப்பாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் கப். உள்ளே இருந்தது — காபி குடித்துக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் மன்னிக்கவும் — மூத்திரம்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். கேரளத்து புரொஃபஷனல் கிளப் ஒன்று. பெயர் வேண்டாமே. அவர்களுடைய மைதானத்தில் புல் மாற்றுகிறார்களாம். அதனால் குழித்துறைப் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் கேம்ப் போட்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவர்களுடைய பிசியோதெரபிஸ்ட் கல்யாணம் கட்டிக்கொள்ளப் போய்விட்டார். நாகர்கோவிலில் கழுத்துவலிக்காரர்களோடு காலம் தள்ளிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். புரொஃபஷனல் ஆட்டக்காரர்களின் தொடையைப் பிடித்துவிடும் பாக்கியம்... விடுவேனா?

ரமலான் மாதம். டீமில் மூன்று பேர் நோன்பு. நிஸார் நம்ம தேங்காப்பட்டணத்துப் பையன், விங்கில் ஓடுகிறவன். மற்ற இரண்டு பேர் மலப்புறத்துக்காரர்கள், அதில் ஒருவன் முனீர். நோன்புக்காரர்களுக்காகப் பயிற்சியை அந்திக்குப் பிறகு லைட் போட்டு நடத்தினார்கள். ஆனால் சனிக்கிழமை மட்டும் விவகாரம் வேறு. அன்று சாயங்காலம் உள்ளூர் டீமோடு ஒரு பிராக்டிஸ் மேட்ச். அதில் கோச்சுக்குப் பிடித்தவர்கள் மறுநாள் கிளப் பஸ்ஸில் ஏறலாம். பிடிக்காதவர்கள் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறலாம்.

கோச் மலையாளி. ஈவு இரக்கம் பார்க்காத மனிதர். ஆனால் ஒன்று, நோன்பு வைக்காதே என்று யாரையும் சொல்லவில்லை.

“நோம்பு நிங்களுடெ காரியம். கலர் எண்டெ காரியம்” என்றார்.

கலர் என்ன கலர்? மேட்சுக்கு முன்னால் ஒவ்வொருவனும் ஒரு கப்பில் மூத்திரம் தர வேண்டும். உடம்பில் தண்ணீர் போதவில்லை என்றால் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். சுவரில் ஒரு கலர் சார்ட் ஒட்டியிருக்கும். இளம் மஞ்சள் என்றால் ஆடலாம். அடர்ந்துகொண்டே போய்க் பால் விடாத கட்டன்சாயா நிறத்தைத் தொட்டால் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். அந்தச் சார்ட்டுக்கு முன்னால் நிற்கும் மகத்தான பொறுப்பு எனக்கு.

வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மஞ்சள், மஞ்சள், மஞ்சள்... கடைசியில் இரண்டு கப். ஒன்றில் நிஸார் என்று ஸ்டிக்கர். இன்னொன்றில் ஆன்றோ. ஆன்றோ குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரைப் பையன், இரண்டாவது கோல்கீப்பர், நிஸாரின் ரூம்மேட்.

இரண்டும் கட்டன்சாயா!

தசை உடைந்து ரத்தத்தில் கலந்தாலும் இந்த நிறம் வரும். கிட்னி போய்விடும். ஒருவன் என்றால் நோன்பு என்று சொல்லலாம். இரண்டு பேருக்கு எப்படி? அதுவும் ஒருவன் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன்!

இரண்டு கப்புகளோடும் ஹாஸ்டலுக்கு ஓடினேன். பின்பக்கம் ஒரு நாய் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு வாழையிலைகள், நக்கித் துடைத்த மாதிரி. அன்று மத்தியானம் ரூம் ரூமாக இலையில் கட்டிக் கொடுத்த பொதிச்சோறு அது. அந்த நாயால் வாலைக்கூட ஆட்ட முடியவில்லை.

அறைக்குள் இரண்டு பேரும் ஃபேனுக்குக் கீழே கிடந்தார்கள்.

“ரெண்டு பேருக்கும் கிட்னி இருக்கா, இல்லியா?” என்று கத்தினேன்.

நிஸார் எழுந்து உட்கார்ந்தான். ஆன்றோ சுவரைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

“சார்... எனக்க பேரு போட்ட கப்பு எனக்க இல்ல” என்றான் நிஸார்.

“பின்ன?”

“இவனுக்க.”

இத்தனை வருஷத் தொழிலில் எக்ஸ்ரே இரவல் வாங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். வாக்கிங் ஸ்டிக் இரவல் வாங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். இது புதுசு.

“இன்னைக்கு ஒரு நாள் நோன்பை விட்டா என்னலே? மலப்புறத்துப் பையன்மாரு விட்டிருக்கானுவல்லா?”

“அவங்க பிரயாணி சார். பிரயாணத்துல இருக்கவன் விடலாம், பிறவு வேற நாளு பிடிச்சு ஈடு கட்டலாம். எனக்க வீடு தேங்காப்பட்டணம். இஞ்சேருந்து பஸ் ஏறி ஒரு கண்ணு அசந்தா ஸ்டாப்பு தாண்டிப் போயிரும். நான் எங்க சார் பிரயாணி?”

ஊருக்குப் பக்கத்தில் கேம்ப் போட்டது எவ்வளவு வசதி என்று அவனிடம் நானே சொல்லியிருக்கிறேன். அந்த வசதியே பையனுக்கு வினையாகிவிட்டது!

“நோம்பு பிடிச்சா கலர் காட்டிக்கொடுத்துரும்னு பயந்துட்டேன் சார். இந்த மேட்ச்ல இறங்கலேன்னா எனக்கு அவ்வளவுதான். அதான் இவன்கிட்ட கெஞ்சினேன்.”

சரி, இவன் கதை புரிந்தது. அவன்?

“ஏலே ஆன்றோ, நீ என்ன... ஈஸ்டருக்கு முந்தின தவக்கால ஒறுத்தலா?”

“தவக்காலத்துல வெள்ளம் குடிக்கலாம் சார்” என்றான் ஆன்றோ. “இது அதில்ல.”

“பின்ன எதுலே?”

அவன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான். விடியுமுன் எழுந்து நிஸாரோடு சஹர் சாப்பிட்டிருக்கிறான். காலையில் கோல்கீப்பர் பயிற்சி. வெயிலில் விழுந்து புரண்டுவிட்டுத் தாகத்தோடு அறைக்கு வந்திருக்கிறான். பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினால், எதிர்க் கட்டிலில் நிஸார் உதடு காய்ந்து படுத்திருக்கிறான்.

“இவன் நாக்கு வறண்டு கெடக்கான். நான் இவனுக்க மொகத்துக்கு நேர மடக்கு மடக்குன்னு எப்பிடி சார் குடிக்கியது? தொண்டைல எறங்காது. சோறும் எறங்கல. அதான் நாய்க்கு...”

நிஸார் கட்டிலை விட்டு எழுந்துவிட்டான். அவனுக்கும் இது தெரியாது!

“ஏலே கிறுக்கா! பொதிய வெளிய கொண்டு போயி தின்னியேன்னுல்லா நான் நெனச்சேன். நல்ல மூத்திரம் வேணும்னுதானே உன்கிட்ட கேட்டேன்?”

“நீ கேட்டே, நான் தந்தேன். பாத்ரூம்ல பல்பு போயிட்டு. கலரு எனக்குத் தெரிஞ்சுதா?”

சிரிப்பதா, இரண்டு பேரையும் அறைவதா? அதற்குள் வாசலில் நிழல் தட்டியது. கோச். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஒரு புதுக் கப்பை எடுத்து நிஸாரிடம் நீட்டினார். “இப்போள். டோர் தொறந்து வச்சிட்டு” என்றார்.

நிஸார் சாகப்போகிறவன் மாதிரி போனான். வந்தான். கப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.

மஞ்சள்.

கொஞ்சம் அடர்த்திதான். ஆனால் சார்ட்டில் ஆடலாம் என்கிற பக்கம்! அந்தியிலிருந்து சஹர் வரை பையன் விட்டு விட்டுத் தண்ணீர் குடித்திருக்கிறான். பகலெல்லாம் ஃபேனுக்குக் கீழே அசையாமல் கிடந்திருக்கிறான். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, பயத்தில் அடுத்தவன் கப்பை இரவல் வாங்கியிருக்கிறான். நம்மில் நிறையப் பேர் இப்படித்தான். பரீட்சை எழுதுவதற்கு முன்பே ஃபெயிலாகிவிட்டோம் என்று நமக்கு நாமே மார்க் போட்டுவிடுவோம்.

கோச் அதையும் ஆன்றோவின் கப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நிஸார் ஆடும். ஆன்றோ வெளியே” என்றார். போய்விட்டார்.

கலர் என்று சொன்னவர் கலரைத்தானே பார்ப்பார்? நோன்பு வைத்தவன் உள்ளே. வைக்காதவன் வெளியே. நிஸாரின் முகம் செத்துப்போயிற்று. அவனை விட்டுவிட்டு ஆன்றோவின் தலையில் விழுந்திருக்கிறது இடி. அந்தப் பையன் சீசன் முழுக்க பெஞ்சில் இருந்து, இன்றைக்குத்தான் முதல் தடவையாக வலைக்கு முன்னால் நிற்கப்போகிறவன்.

கோச்சின் பின்னாலேயே ஓடினேன். கையைப் பிடிக்காத குறை. தண்ணீர் குடிக்க வைக்கிறேன், இன்டர்வெல்லில் இன்னொரு கப் வாங்குகிறேன், கலர் தெளிந்தால் இரண்டாவது பாதியில் இறக்குங்கள் என்று மன்றாடினேன். மனிதர் வாட்ச்சைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மைதானத்தில் ஆன்றோவின் கையில் உப்பும் சர்க்கரையும் கலந்த பெரிய பாட்டிலைத் திணித்தேன். “ஒரு சொட்டு மிஞ்சப்பிடாது. கொஞ்சம் கொஞ்சமாக் குடி.”

அவன் பாட்டிலைப் பார்த்தான். நிஸாரைப் பார்த்தான். குடிக்கவில்லை.

நிஸாருக்குப் புரிந்துவிட்டது. “மக்கா, நான் பாக்க மாட்டேன். குடிலே” என்றான். சட்டென்று திரும்பி, மைதானத்தின் அந்தக் கோடிக்குத் தனியாக ஓடிப்போனான். எல்லாரும் இங்கே பந்தைத் தட்டிக்கொண்டிருக்க, அவன் ஒருவன் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கை காலை உதறிக்கொண்டிருந்தான். தாகத்தில் இருக்கிறவன், இன்னொருத்தன் தண்ணீர் குடிக்கட்டும் என்று ஒதுங்கிப் போகிறான்... எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மேட்ச் தொடங்கியது. நிஸார் என்ன ஓட்டம் ஓடுகிறான்! அந்த வெயிலில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். கணுக்கால். நான் ஸ்பிரேயோடு உள்ளே ஓடினேன். அவனைத் தாங்கி வெளியே கொண்டுவந்து, ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு நிமிர்ந்தால் இன்டர்வெல் விசில்.

ஆன்றோ கப்போடு நின்றான்.

பளிச்சென்ற இளம் மஞ்சள்! பாடப் புத்தகத்தில் போடலாம். கோச்சிடம் கொண்டுபோய்க் காட்டினேன், என்னவோ நானே தயாரித்த மாதிரி. கோச் ஆன்றோவின் தோளில் தட்டி உள்ளே அனுப்பினார்.

பையன் ஏமாற்றவில்லை. ஒரு பந்து மேல்மூலையைப் பார்த்துப் போனது. எங்கிருந்தோ பறந்து வந்து விரல்நுனியால் தட்டிவிட்டான். எதிர் டீமின் ஆட்களே கை தட்டினார்கள். மேட்ச் முடிந்ததும் கோச் இரண்டு பேரையும் கூப்பிட்டு, “நாளெ ரண்டாளும் பஸ்ஸில் கயறிக்கோ” என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த பாராட்டு.

இரண்டு பேரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். வியர்வை நாற்றம் சகிக்கவில்லை. ஆனால் மனசு நிறைந்திருந்தது.

அப்போதுதான் பாங்கு கேட்டது. முனீர் பேரீச்சம்பழத்தோடு ஓடிவந்து நிஸாரின் வாயில் வைத்தான். தண்ணீர்? ஆன்றோ தன் பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தான். நிஸார் குடித்துவிட்டுக் கொடுத்தான். ஆன்றோ வாங்கி அண்ணாந்தான். மூச்சு விடாமல், தொண்டை ஏறி இறங்க... பாலைவனத்திலிருந்து வந்தவன்கூட அப்படிக் குடிக்க மாட்டான்.

அந்தப் பாட்டிலை எனக்குத் தெரியும். நான் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தது. பையிலிருந்து எடுத்தபோது கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது!

நிஸாரும் பார்த்துவிட்டான். ஆன்றோவின் பிடரியில் ஒன்று வைத்தான். “ஏலே! அப்பொ நான் என்ன மயித்துக்குலே அந்தக் கோடிக்குப் போனேன்?”

“நீ திரும்பித்தானே நின்னே. போய்ட்டியா?” என்றான் ஆன்றோ, வாயைத் துடைத்துக்கொண்டு.

ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒருவன் பாதி மேட்ச் ஆடியிருக்கிறான். நான் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். சரி, அப்படியென்றால்... இன்டர்வெல்லில் என் கைக்கு வந்த கப்? பாடப் புத்தகத்துக் கலர்?

“யாருக்கலே அது?” என்றேன்.

ஆன்றோ குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தான். அன்று நோன்பை விட்டு, காலையிலிருந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருந்த முனீர் வானத்தில் பிறையைத் தேடிக்கொண்டிருந்தான்.

கோச்சுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்கிற ஒரே தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்!